கடைக்கு ரவுட்டர் மாட்டுறது எப்படி? ரூ.5,500 செலவு, அதோட லாப நஷ்டக் கணக்கு, படிப்படியான செட்டப்



பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல ரவுட்டருக்கு என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். சின்ன வியாபாரம் பண்றவங்களுக்கு இன்னைக்கு கல்லாப்பெட்டி எவ்வளவு முக்கியமோ, அந்த அளவுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷனும் முக்கியம். பில் போடுறது, கார்டு தேய்க்கிறது, ஸ்டாக் ஆர்டர் பண்றது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுறது எல்லாமே ஒரு சின்ன டப்பா வழியாத்தான் போகுது. அந்த டப்பா தகராறு பண்ணா காசு போகும். எவ்வளவு போகும்னு கணக்குப் போட்டுப் பார்த்தா, சரியா ஒரு தடவை மாட்டிடுறது எவ்வளவு மலிவுன்னு புரியும்.

என் சித்தப்பா ஒரு மெடிக்கல் ஷாப் வச்சிருக்கார். ரெண்டு பில்லிங் கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கார்டு மெஷின், நாலு கேமரா. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணார். "தம்பி, கூட்டம் நிக்குது, பில் சுத்திக்கிட்டே இருக்குப்பா. நெட் கம்பெனிக்காரன் லைன் சரியாத்தான் இருக்குங்கறான்."

நேர்ல போய், "ரவுட்டர் எங்க சித்தப்பா?"ன்னு கேட்டேன். பரணைக் காட்டினார். கனெக்‌ஷன் குடுத்தப்ப அவங்க கொண்டு வந்து வச்ச டப்பா, ஸ்டீல் ரேக்குக்குப் பின்னாடி, பழைய அட்டைப்பெட்டிக்கு நடுவுல கிடந்தது. ரெண்டு கம்ப்யூட்டரும் வைஃபையிலதான் ஓடுது. வைஃபை பாஸ்வேர்டு கடையோட போன் நம்பர். அது கடை போர்டுலயே பெருசா எழுதியிருக்கு! பக்கத்துல இருக்கிற டீக்கடைப் பசங்க உட்பட 19 பேர் அதுல வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

சித்தப்பா மேல கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல. பெரும்பாலான கடையில இதுதான் நிலைமை. அன்னைக்கு என்னென்ன மாத்தினோமோ, அதை வரிசையா எழுதுறேன். உங்க கடை மளிகையா இருக்கலாம், ஜவுளியா இருக்கலாம், சின்ன ஆபீஸா இருக்கலாம். முறை ஒண்ணுதான்.

முதல்ல கணக்கு: நெட் நின்னா எவ்வளவு நஷ்டம்?

ஒரு கடைக்கு ஒரு நாள் விற்பனை 30,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. அதுல பாதி, அதாவது 15,000 ரூபாய், சாயங்காலம் 6 மணியில இருந்து 9 மணிக்குள்ள நடக்குது. அப்படின்னா அந்த நேரத்துல ஒரு மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வியாபாரம்.

ஒரு மணி நேரம் பில்லிங் நின்னா எல்லாரும் போயிட மாட்டாங்க. பத்துல நாலு பேர் போறாங்கன்னு வச்சாலும் 2,000 ரூபாய் விற்பனை போச்சு. இதை அப்படியே நஷ்டம்னு எழுதக் கூடாது, லாபத்தைத்தான் பார்க்கணும். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கிற மருந்துகளுக்கு, 2013-ம் வருஷத்து மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, சில்லறை வியாபாரிக்கு வாங்கின விலை மேல 16% தான் மார்ஜின். வரியை விட்டுட்டுப் பார்த்தா 2,000 ரூபாய் விற்பனையில சுமார் 275 ரூபாய் லாபம். மாசத்துக்கு நாலு சாயங்காலம் இப்படி ஆனா 1,100 ரூபாய்.

"இவ்வளவுதானா?"ன்னு தோணும். இருங்க. பிரஷர், சுகர் மாத்திரைக்கு மாசாமாசம் 1,500 ரூபாய்க்கு வாங்குற ஒரு வாடிக்கையாளரை நினைச்சுப் பாருங்க. வருஷத்துக்கு 18,000 ரூபாய் வியாபாரம், அதுல லாபம் சுமார் 2,480 ரூபாய். ரெண்டு தடவை வரிசையில நிக்க வச்சா அவர் அடுத்த தெருக் கடைக்குப் போயிடுவார், அப்புறம் திரும்பி வர மாட்டார். அந்த மாதிரி மூணு பேரை இழந்தா வருஷத்துக்கு சுமார் 7,450 ரூபாய் போச்சு. இந்த நஷ்டம் எந்த நோட்டுலயும் எழுதியிருக்காது, அதனாலதான் நம்ம கண்ணுல படுறதில்ல.

இப்ப செலவுப் பக்கம். விலை ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும். தோராயமா ஒரு பட்ஜெட்:

ரவுட்டர் (ரெண்டு பேண்ட், கிகாபிட் போர்ட் உள்ளது): ரூ.2,200
கேட்-6 கேபிள் 40 மீட்டர்: ரூ.1,000
ரவுட்டருக்கான மினி யூபிஎஸ்: ரூ.1,500
கேபிள் இழுக்க, கனெக்டர் அடிக்க கூலி: ரூ.800
மொத்தம்: ரூ.5,500

மாசம் 1,100 ரூபாய் நஷ்டம் நின்னாலே அஞ்சு மாசத்துல போட்ட காசு வந்துடும். வாடிக்கையாளர் போகாம இருக்கிறது அதுக்கு மேல கிடைக்கிற லாபம். உங்க கடை நம்பரைப் போட்டு இதே கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. ஒரு நாளைக்கு பத்து பில்தான், அதுவும் கையில எழுதுறீங்கன்னா இந்தச் செலவு உங்களுக்குத் தேவையே இல்லாம இருக்கலாம். அதையும் கணக்கே சொல்லிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி: ஒரு லிஸ்ட் போடுங்க

கடைக்கு ஓடாதீங்க. முதல்ல நெட் தேவைப்படுற பொருள் எல்லாத்தையும் மூணு வரிசையா எழுதுங்க.

1. கண்டிப்பா கேபிள்ல இருக்க வேண்டியது: பில்லிங் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா பதிவு பண்ற டிவிஆர். ஒரே இடத்துல நகராம இருக்கிற எதுவும் கேபிள்லதான் இருக்கணும்.
2. கடையோட வைஃபை: கார்டு மெஷின், உங்க போன், ஸ்டாக் பார்க்கிற டேப்லெட்.
3. விருந்தாளி வைஃபை: வேலை பார்க்கிறவங்க போன், வாடிக்கையாளர் போன்.

பணம் வந்தா சொல்ற யூபிஐ ஸ்பீக்கர் பெரும்பாலும் தனக்குள்ள இருக்கிற சிம்லயே ஓடும், அதை லிஸ்ட்ல சேர்க்க வேண்டாம்.

சித்தப்பா கடையில முதல் வரிசையில நாலு பொருள் வந்தது. சாதாரண ரவுட்டர்ல நாலு லேன் போர்ட் இருக்கும், சரியாப் போச்சு. உங்களுக்கு ஆறு, ஏழு வந்தா தனியா ஒரு 8 போர்ட் ஸ்விட்ச் வாங்கிக்கோங்க. அதுக்காக பெரிய ரவுட்டருக்குப் போக வேண்டாம்.

ரவுட்டர் வாங்கும்போது பெட்டி மேல நாலு விஷயம் மட்டும் பாருங்க:

- 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டும் இருக்கணும். முதல் வகை சுவரைத் தாண்டி தூரம் போகும், ஆனா நெரிசல் அதிகம். ரெண்டாவது வேகம், ஆனா சுவர் வந்தா சீக்கிரம் குறைஞ்சிடும்.
- போர்ட் எல்லாம் கிகாபிட்டா இருக்கணும். சில மலிவு மாடல்ல வைஃபை வேகத்தைப் பெருசா போட்டிருப்பாங்க, போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் இருக்கும்.
- விருந்தாளி நெட்வொர்க் வசதி இருக்கணும்.
- டபிள்யூபிஏ3 பாதுகாப்பு இருந்தா நல்லது, டபிள்யூபிஏ2 கண்டிப்பா இருக்கணும்.

ஆன்டெனா எத்தனைங்கறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஆறு ஆன்டெனா இருக்கிறதால பில் வேகமா வராது.

பிளான் விஷயத்துலயும் ஒரு வார்த்தை. ரெண்டு பில்லிங் கம்ப்யூட்டருக்கு நெட் ரொம்பக் குறைவாத்தான் செலவாகும். கேமரா கடைக்குள்ள டிவிஆர்ல பதிவாகுறதுக்கு இன்டர்நெட்டே வேண்டாம். வீட்ல இருந்து நீங்க போன்ல பார்க்கும்போதுதான் அப்லோட் ஓடும், ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ்னு வச்சா நாலுக்கு 8. ஆக 50 எம்பிபிஎஸ் பிளானே தாராளம். மாசம் 300 ரூபாய் அதிகம் கொடுத்து பெரிய பிளான் வச்சிருந்தீங்கன்னா, வருஷத்துக்கு 3,600 ரூபாய் சும்மா போகுது. சித்தப்பா கடையில பிரச்சனை வேகத்துல இல்ல, மாட்டின விதத்துலதான் இருந்துச்சு.

படி 1: இடம் பாருங்க, கேபிள் இழுங்க

ரவுட்டர் கடைக்கு நடுவுல, ஆள் தலைக்கு மேல, திறந்த இடத்துல இருக்கணும். இரும்பு பீரோ, ஸ்டீல் ரேக், ஃபிரிட்ஜ், மீன் தொட்டி, கண்ணாடி இதெல்லாம் சிக்னலுக்கு எதிரி. மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலயே வேலை செய்யுறதால பேக்கரிக்காரங்க அதைத் தள்ளி வைங்க.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு கேபிளான்னு கேட்டு வாங்குங்க. அலுமினியத்து மேல செம்பு பூசின கேபிள் மலிவாக் கிடைக்கும். கொஞ்ச நாள்ல கனெக்டர்கிட்ட உடைஞ்சு, விட்டு விட்டு நெட் வரும். ஒரு இழுப்பு 100 மீட்டருக்கு மேல போகக் கூடாது. கரண்ட் வயர் போற பைப்புலயே இதையும் விடாதீங்க. ரெண்டு முனையிலயும் "பில் 1", "பில் 2", "கேமரா"ன்னு பேப்பர் ஒட்டிடுங்க. ஒரு வருஷம் கழிச்சு இதுக்காக உங்களுக்கு நீங்களே நன்றி சொல்லுவீங்க.

படி 2: பழைய டப்பாவை கழட்டுறதுக்கு முன்னாடி

நெட் கம்பெனிக்காரங்க மாட்டின டப்பா, அதாவது ஃபைபர் வந்து சேர்ற ஓஎன்டி, அது அப்படியே இருக்கணும். நம்ம புது ரவுட்டர் அதுக்கு அடுத்துதான் வரும். நாலு பக்கமும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஃபைபர் கேபிளை மட்டும் தொடாதீங்க. மடக்கினா உள்ள இருக்கிற கண்ணாடி இழை உடைஞ்சிடும்.

கம்பெனிக்கு போன் பண்ணி ரெண்டு கேள்வி கேளுங்க. "லாகின் யூசர் நேம், பாஸ்வேர்டு டப்பாவுக்குள்ளயே போட்டிருக்கீங்களா, இல்ல என் ரவுட்டர்ல போடணுமா?" "என் ரவுட்டரோட மேக் நம்பரைப் பதிவு பண்ணணுமா?" பதிலை எழுதி வச்சுக்கோங்க.

படி 3: மாட்டுறது

ஓஎன்டியோட முதல் லேன் போர்ட்ல இருந்து ஒரு கேபிள் எடுத்து, புது ரவுட்டரோட வேன் போர்ட்ல குத்துங்க. அது தனி நிறத்துல இருக்கும், இன்டர்நெட்னு பேர் போட்டிருக்கும். பல பேர் இங்கதான் தப்பு பண்றாங்க, லேன் போர்ட்ல குத்திட்டு "நெட் வரல"ன்னு உக்காந்திருப்பாங்க.

முதல்ல ஓஎன்டியை ஆன் பண்ணி ரெண்டு நிமிஷம் பொறுங்க. அப்புறம் ரவுட்டரை ஆன் பண்ணுங்க. ஒரு கம்ப்யூட்டரை லேன் போர்ட்ல கேபிள் வச்சு இணைங்க. செட்டிங்ஸ் எல்லாம் கேபிள் வழியாவே பண்ணுங்க. வைஃபையில பண்ணா, பேரை மாத்தின உடனே கனெக்‌ஷன் அறுந்துடும்.

படி 4: உள்ள போய் முதல் வேலை

ரவுட்டருக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல 192.168.0.1 அல்லது 192.168.1.1 மாதிரி ஒரு முகவரி இருக்கும். பிரவுசர்ல அதை டைப் பண்ணா லாகின் பக்கம் வரும்.

உள்ள போன உடனே அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. இது வைஃபை பாஸ்வேர்டு இல்ல, ரவுட்டருக்குள்ள போறதுக்கான சாவி. ரெண்டும் வேற வேறயா இருக்கணும். 2016-ல மிராய்னு ஒரு வைரஸ் வந்துச்சு. கம்பெனி வச்சு அனுப்பின பாஸ்வேர்டை மாத்தாம விட்ட ரவுட்டர், கேமரா, டிவிஆர் இதையெல்லாம் ஒண்ணொண்ணாப் பிடிச்சு, அதை வச்சே பெரிய பெரிய இணையதளங்களை முடக்கிட்டாங்க. அதுல எந்த மாயமந்திரமும் இல்ல. மாத்தாத பாஸ்வேர்டு லிஸ்ட் ஒண்ணுதான் அவங்க ஆயுதம். டிவிஆர் பாஸ்வேர்டையும் இப்பவே மாத்திடுங்க.

அடுத்தது ஃபர்ம்வேர் அப்டேட். அந்த மெனுவுல போய் புது வெர்ஷன் இருந்தா போட்டுடுங்க. தானா அப்டேட் ஆகுற வசதி இருந்தா, ராத்திரி 3 மணிக்கு வைங்க. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனா ரவுட்டரே செத்துப் போகலாம், அதனால யூபிஎஸ் மாட்டின பிறகு பண்ணுங்க.

படி 5: இன்டர்நெட் கனெக்‌ஷன் வகை

படி 2-ல கேட்ட பதில் இங்கதான் உதவும்.

லாகின் விவரம் ஓஎன்டிக்குள்ளயே இருந்தா, நம்ம ரவுட்டர்ல "டைனமிக் ஐபி"ன்னு தேர்ந்தெடுங்க. வேற எதுவும் வேண்டாம். நம்ம ரவுட்டர்ல போடச் சொன்னா, "பிபிபிஓஇ" தேர்ந்தெடுத்து யூசர் நேம், பாஸ்வேர்டு போடுங்க. இதுக்கு கம்பெனி அவங்க டப்பாவை பிரிட்ஜ் மோடுக்கு மாத்திக் குடுக்கணும். சாதாரணக் கடைக்கு முதல் வழியே போதும். அப்படி வைக்கும்போது ஓஎன்டியோட சொந்த வைஃபையை ஆஃப் பண்ணிடுங்க. ரெண்டு வைஃபை ஒண்ணுக்கொண்ணு இடிக்கும். அதோட, பழைய பாஸ்வேர்டு தெரிஞ்ச 19 பேரும் அந்த வழியா இன்னும் உள்ள வந்துக்கிட்டே இருப்பாங்க.

இங்க ஒரு சிக்கல் வரும். ஓஎன்டியும் 192.168.1.1, நம்ம ரவுட்டரும் 192.168.1.1-ன்னு இருந்தா ரெண்டும் குழம்பி நெட் வராது. ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருக்கிற மாதிரி. நம்ம ரவுட்டரோட லேன் முகவரியை 192.168.10.1-ன்னு மாத்திடுங்க. பிரச்சனை தீர்ந்தது. இனிமே லாகின் பக்கத்துக்கும் இந்தப் புது முகவரியைத்தான் டைப் பண்ணணும்.

படி 6: பிரிண்டருக்கு நிரந்தர முகவரி

"காலையில கடை திறந்தா பிரிண்டர் ஆஃப்லைன்னு வருது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சில நேரம் வருது, சில நேரம் வரல." நெட்வொர்க் பிரிண்டர் வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் இது தெரிஞ்ச கதை.

காரணம் இதுதான். ரவுட்டர் ஒவ்வொரு பொருளுக்கும் தற்காலிகமா ஒரு முகவரி குடுக்கும். நேத்து பிரிண்டருக்கு 192.168.10.104, இன்னைக்கு 192.168.10.107. கம்ப்யூட்டர் இன்னும் பழைய முகவரியிலயே தேடிக்கிட்டு இருக்கும். டிஹெச்சிபி மெனுவுல "அட்ரஸ் ரிசர்வேஷன்"னு ஒரு இடம் இருக்கு. அங்க பிரிண்டரோட மேக் நம்பரைத் தேர்ந்தெடுத்து ஒரு முகவரியை அதுக்கே எழுதி வச்சிடுங்க. டிவிஆருக்கும், பில்லிங் டேட்டா இருக்கிற மெயின் கம்ப்யூட்டருக்கும் இதையே செய்யுங்க. அஞ்சு நிமிஷ வேலை, தினமும் காலையில பத்து நிமிஷம் மிச்சம்.

படி 7: ரெண்டு வைஃபை, ரெண்டு பாஸ்வேர்டு

இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயம்தான் செய்வேன்னு நீங்க சொன்னா, இதைச் செய்யுங்க.

கடை வைஃபை: டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலந்த மோடு. பழைய கார்டு மெஷின் பலதும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் சேரும், டபிள்யூபிஏ3 மட்டும் வச்சா சேராது. பாஸ்வேர்டு குறைஞ்சது 14 எழுத்து. கடை பேர், போன் நம்பர், பிள்ளைங்க பிறந்த தேதி இதெல்லாம் வேண்டாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மூணு வார்த்தையும் ஒரு எண்ணும் சேர்த்தாப் போதும். இது உங்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. பட்டன் அமுக்கி இணைக்கிற டபிள்யூபிஎஸ் வசதியை ஆஃப் பண்ணுங்க.

விருந்தாளி வைஃபை: இதுக்கு வேற பேர், வேற பாஸ்வேர்டு. "லோக்கல் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி"ங்கற டிக்கை எடுத்துடுங்க. வேகத்துக்கு வரம்பு வைக்கிற வசதி இருந்தா 10 எம்பிபிஎஸ் வைங்க. வேலை பார்க்கிற பசங்க போனும் இதுலதான் இருக்கணும்.

சித்தப்பா இங்க தயங்கினார். "பசங்க தப்பா நினைப்பாங்கப்பா, நம்பலையான்னு." நான் சொன்னேன், "சித்தப்பா, பசங்களை நம்புறோம். அவங்க போன்ல இருக்கிற ஆப் எல்லாத்தையும் நம்பணும்னு அவசியமில்ல." ஒரே நெட்வொர்க்ல இருந்தா, ஒரு போன்ல வந்த வைரஸ் உங்க பில்லிங் கம்ப்யூட்டர்ல ஷேர் பண்ணி வச்சிருக்கிற ஃபோல்டரைத் தேடி வர வாய்ப்பிருக்கு. அங்கதான் உங்க கணக்கு, கடன் பாக்கி, வாடிக்கையாளர் லிஸ்ட் எல்லாம் இருக்கு.

இன்னொரு பயமும் இருக்கு. 2008 ஜூலை 26-ல அகமதாபாத்ல குண்டு வெடிச்சதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில குடியிருந்த ஒரு அமெரிக்கரோட வைஃபை வழியா அனுப்பப்பட்டதுன்னு விசாரணையில தெரிஞ்சது. போலீஸ் முதல்ல போன இடம் அவர் வீடு. உங்க கனெக்‌ஷன்ல யார் என்ன பண்ணாலும், தேடி வர்றவங்க கையில இருக்கிறது உங்க முகவரிதான். விருந்தாளி பாஸ்வேர்டையும் மாசம் ஒரு தடவை மாத்துங்க, சுவர்ல ஒட்டாதீங்க.

2.4 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் 1, 6, 11 இந்த மூணுல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. இந்த மூணு மட்டும்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. போன்ல வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்து, பக்கத்துக் கடைங்க எதுல கம்மியா இருக்காங்களோ அதை எடுத்துக்கோங்க.

கடைசியா, வெளியில இருந்து ரவுட்டருக்குள்ள வர்ற ரிமோட் மேனேஜ்மென்ட்டை ஆஃப் பண்ணுங்க. கேமரா பார்க்கிறதுக்காக போர்ட் திறந்து விடச் சொன்னா ஒத்துக்காதீங்க. டிவிஆர் கம்பெனியோட ஆப் வழியாவே பார்க்கலாம்.

படி 8: கரண்ட்டும் நெட்டும் போனா?

கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வச்சிருப்போம், ரவுட்டரை மறந்துடுவோம். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் எரியும், நெட் இருக்காது. மினி யூபிஎஸ் வாங்கும்போது ரவுட்டர் அடாப்டர்ல எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு பார்த்து அதுக்குப் பொருந்துறதா வாங்குங்க. பல ரவுட்டர் 12 வோல்ட்தான். ஓஎன்டிக்கும் கரண்ட் வேணும்ங்கறதை மறந்துடாதீங்க. ரெண்டு அவுட்புட் இருக்கிற மாடல் வாங்கினா ஒரே யூபிஎஸ்ல ரெண்டும் ஓடும்.

நெட் லைனே அறுந்தா, செலவே இல்லாத வழி போன்தான். போனை யூஎஸ்பி கேபிள்ல மெயின் கம்ப்யூட்டர்ல குத்தி டெதரிங் ஆன் பண்ணுங்க. அந்த சிம், பிராட்பேண்ட் குடுக்கிற கம்பெனி இல்லாம வேற கம்பெனியா இருக்கட்டும். ஒரு கம்பெனி படுத்தாலும் இன்னொண்ணு ஓடும். தினமும் நூத்துக்கணக்குல பில் போடுற பெரிய கடைன்னா, ரெண்டு லைனை ஒரே நேரத்துல மாட்டி, ஒண்ணு போனா இன்னொண்ணுக்குத் தானா மாறுற ரெண்டு வேன் ரவுட்டர் வாங்குறது நியாயம். மேல போட்ட கணக்கை வச்சு முடிவு பண்ணுங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு சோதனை. கூட்டம் இல்லாத நேரத்துல மெயின் ஸ்விட்சை அணைச்சு ஒரு பில் போட்டுப் பாருங்க. அடுத்து நெட் கேபிளைப் பிடுங்கி, போன் வச்சு ஒரு பில் போட்டுப் பாருங்க. இதை நீங்க மட்டும் பண்ணாதீங்க. கல்லாவுல உக்கார்றவங்களை வச்சுப் பண்ணுங்க. நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்குத்தான் நெட் போகும்.

பிரச்சனை வந்தா எங்க பார்க்கணும்?

- ஓஎன்டியில எல்ஓஎஸ் விளக்கு சிவப்பா எரிஞ்சா: ஃபைபர் லைன் பிரச்சனை. நம்ம ரவுட்டரை நோண்டாதீங்க, கம்பெனிக்குப் புகார் குடுங்க.
- எல்ஓஎஸ் எரியல, ஆனா எதுலயும் நெட் இல்ல: ஓஎன்டி, ரவுட்டர் ரெண்டையும் அணைச்சு, படி 3 வரிசையில ஆன் பண்ணுங்க. அப்பவும் வரலன்னா லாகின் இல்ல பில் பாக்கி.
- கேபிள்ல நல்லா வருது, வைஃபையில மட்டும் மெதுவா இருக்கு: இடம் அல்லது சேனல் பிரச்சனை.
- ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் வரல: அந்தக் கேபிளை வேற போர்ட்ல மாத்திக் குத்திப் பாருங்க. பெரும்பாலும் கனெக்டர்தான்.

பில்லை பத்திரமா வைங்க: வரிக் கணக்கு

இப்ப நம்ம பேட்டைக்கு வருவோம்.

ஜிஎஸ்டி: ரவுட்டர், கேபிள், யூபிஎஸ், பிராட்பேண்ட் கட்டணம் எல்லாத்துக்கும் 18% வரி. நீங்க சாதாரண முறையில ஜிஎஸ்டி பதிவு பண்ணியிருந்தா, உங்க ஜிஎஸ்டி நம்பரோட பில் வாங்கி உள்ளீட்டு வரி எடுத்துக்கலாம். மேல சொன்ன பட்ஜெட்ல பொருளுக்கான 4,700 ரூபாய் வரியோட சேர்ந்த விலைன்னா, அதுக்குள்ள சுமார் 717 ரூபாய் வரி. அதைக் கழிச்சா உண்மையான செலவு 4,783 ரூபாய்தான். விக்கிறவர் ரிட்டர்ன்ல காட்டி, அது உங்க ஜிஎஸ்டிஆர்-2பியில வந்தாத்தான் எடுக்க முடியும். காம்போசிஷன் முறையில இருக்கிறவங்களுக்கு இது கிடைக்காது. வரியில்லாத பொருளும் விக்கிறவங்க, எந்த அளவு எடுக்கலாம்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

பல பேர் கடை பிராட்பேண்டை வீட்டுக்காரங்க பேர்ல, ஜிஎஸ்டி நம்பர் இல்லாம வச்சிருக்காங்க. மாசம் 700 ரூபாய் பிளான்னா அதுக்கு மேல 126 ரூபாய் வரி, வருஷத்துக்கு 1,512 ரூபாய் கையை விட்டுப் போகுது. கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு கடை பேருக்கு மாத்துங்க.

வருமான வரி: கணினிக்கு வருஷத்துக்கு 40% தேய்மானம் எழுதலாம். வாங்கி அந்த வருஷத்துல 180 நாளைக்குக் குறைவா பயன்படுத்தினா அதுல பாதிதான். கம்ப்யூட்டரோட சேர்ந்து வேலை செய்யுற ரவுட்டரையும் அந்த வகையில சேர்க்கலாம்னு வருமான வரித் தீர்ப்பாயத்தோட மும்பை சிறப்பு அமர்வு 2010-ல சொல்லியிருக்கு. ஜிஎஸ்டியில எடுத்த வரித் தொகைக்கு தேய்மானமும் சேர்த்து எழுதக் கூடாது, ஏதாவது ஒண்ணுதான். விற்பனையில இத்தனை சதவீதம் லாபம்னு காட்டுற உத்தேச வருமான முறையில இருக்கீங்கன்னா, இந்தச் செலவைத் தனியா கழிக்க முடியாது.

கடைசியா ஒரு நோட்டு

ஒரு சின்ன நோட்டுல இதெல்லாம் எழுதி கல்லாவுக்குள்ள பூட்டி வைங்க: ரவுட்டர் முகவரி, அட்மின் பாஸ்வேர்டு, பிபிபிஓஇ விவரம், கம்பெனி புகார் நம்பர், வாடிக்கையாளர் எண், வாங்கின தேதி, வாரன்ட்டி முடியுற தேதி. ரவுட்டர்ல "பேக்கப்" எடுக்கிற வசதி இருந்தா அந்த ஃபைலையும் பென் டிரைவ்ல போட்டு வைங்க. வேலை பார்த்தவர் யாராவது நின்னுட்டா, அன்னைக்கே விருந்தாளி பாஸ்வேர்டை மாத்துங்க.

சித்தப்பா கடையில எல்லாம் முடிய ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் ஆச்சு. அடுத்த சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணி, "இன்னைக்கு யாரும் நிக்கலப்பா"ன்னார். வியாபாரம் குறைஞ்சிடுச்சோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். வரிசை நிக்கலைன்னு சொல்லியிருக்கார்!

படி 4-ல இருந்து படி 7 வரைக்கும் ஸ்கிரீன்ல காட்டி நம்ம சேனல்ல வீடியோவா போட்டிருக்கேன். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி கடை சாத்தும்போது, உங்க ரவுட்டர் எங்க இருக்கு, எத்தனை பேர் அதுல இருக்காங்கன்னு மட்டும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.